கொப்பரை விலை ஏறிய ஆண்டு: ஒரு செக்குக்காரியின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

வெள்ளகோவிலில் மரச்செக்கு வைத்து இது மூன்றாவது ஆண்டு. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நான், குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் கடன் வாங்கி, வாகை மரத்தில் கடைந்த இரண்டு செக்குகளோடு 2022 கார்த்திகையில் இந்தக் கடையைத் திறந்தேன். அந்தத் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, மானியம் உண்டு. ஆனால் மானியத் தொகை கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று ஆண்டுகள் தொழில் ஓடி, கடனும் வாராக்கடன் ஆகாமல் இருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். இதைவிடத் தெளிவாக விடாமுயற்சியை வலியுறுத்திய பேச்சாளர் எவரையும் நான் கேட்டதில்லை.

இவ்வாண்டை எழுதிவைக்கத் தோன்றியதற்குக் காரணம், தேங்காய் எண்ணெய்க்காக உலர்த்திய தேங்காயான கொப்பரையின் விலை. நான் கடைசியாக வாங்கிய சரக்கு கிலோ 145 ரூபாய். இவ்வாண்டு எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்துள்ள ஆதார விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு, 11,582 ரூபாய்தான். சந்தை அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கொப்பரை உலர்த்தும் களத்துக்காரர்கள் இது இன்னும் ஏறும் என்கிறார்கள். சென்ற கோடையின் வெயிலில் கருகிய பாளைகளின் கணக்கு இப்போதுதான் மரத்தில் தெரிகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தென்னையில் பாளை வெடித்து நெற்று விழ ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால் அதை என்னால் மறுக்க முடியவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈயும் வாடல் நோயும் தின்றது போக, மிஞ்சியதில் பெரும் பங்கு இளநீராகவே வண்டி ஏறிவிடுகிறது.

2025 பிப்ரவரி 19, புதன்

இன்று எள் ஆட்டினோம். எள்ளில் கைத்திறன் இல்லாதவர் எண்ணெய் எடுக்க முடியாது. உலக்கை சுழலத் தொடங்கிச் சிறிது நேரத்தில் எள் கருமையான தூளாகி உரலின் சுவரில் அப்பிக்கொள்ளும்; அப்போது தட்டிப் பொடித்த கருப்பட்டியைப் போட்டு, கையால் கொஞ்சம் நீர் தெளிக்க வேண்டும். நீர் கூடினால் எண்ணெய் கலங்கும், குறைந்தால் புண்ணாக்கு எண்ணெயை விடாது. எங்கள் செக்கு ஓட்டும் அண்ணன் அளவுக் குவளை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. உரலுக்குள் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் உருட்டுவார்; அது மெழுகுபோல் திரண்டால், "இனி விட்ருமுங்க" என்பார். அவர் சொல்லிச் சிறிது நேரத்துக்குள் நடுக்குழியில் எண்ணெய் ஊறி நிற்கும்.

என் உறவினர் மகன் ஒருவன், ஏதேனும் தொழில் தொடங்க வேண்டும் என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பவன், இதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தினமும் இதே வேலைதான், சலிப்பாக இல்லையா அக்கா?" என்று கேட்டான். சலிப்பாகத்தான் இருக்கிறது. நிலக்கடலைப் பருப்பில் சொத்தையையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கும் வேலை சலிப்பின் உச்சம். ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்து எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது, பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. பருப்பில் இருந்தது எண்ணெயிலும் வரும். எனவே ஊக்கம் வந்த நாளிலும் வராத நாளிலும் பொறுக்கித்தான் ஆகவேண்டும். எனக்கு மனம் இல்லாத நாட்களில் வேலை நடக்கும்படி செய்திருக்கும் ஒரே ஏற்பாடு, பொறுக்கும் பெண்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி கொடுக்காமல் நாட்கூலி கொடுப்பது. மூட்டைக் கணக்கு என்றால் கை விரைந்து ஓடும், கண் ஓடாது.

2025 மார்ச் 27, வியாழன்

கோவையில் உள்ள ஒரு பெரிய பலசரக்குக் கடையிலிருந்து தீபாவளிக்கு முன் அனுப்பிய சரக்குக்கான பணம் நேற்றுத்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் நான் பேசாத மேலாளர் இல்லை. கடைசியில் காரியத்தை முடித்தது வருமான வரிச் சட்டம்.

சிறு தொழில் செய்கிறவர்கள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், இருந்தால் அதில் குறித்த நாளில், எப்படியும் 45 நாட்களைத் தாண்டாமலும் பணம் தர வேண்டும்; தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்ந்திருக்கும் விதி, கெடு தாண்டியும் நிதியாண்டு முடிவதற்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்கிறது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதாவது எனக்குத் தராத பணத்துக்கு அவர்கள் இந்த ஆண்டு வரி கட்ட வேண்டும்.

மேலாளரை விட்டுவிட்டு அவர்களுடைய கணக்காளருக்கு உத்யம் சான்றிதழையும் விலைப்பட்டியல்களையும் அனுப்பி, நிலுவை இவ்வளவு என்று மட்டும் ஒரு வரி எழுதினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. கணக்குப் பிரிவில் பன்னிரண்டு மார்ச் மாதங்களைக் கழித்தவளுக்கு அந்த மேசையில் எது வேலை செய்யும் என்று தெரியும். உற்பத்தியாளருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வந்த பணம் முழுவதும் கொப்பரைக்குப் போகிறது.

2025 ஜூன் 2, திங்கள்

சமையல் எண்ணெய் இறக்குமதித் தீர்வையைச் சென்ற வாரக் கடைசியில் குறைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைத் தீர்வையை 20 சதவீதமாக உயர்த்தியவர்கள் இப்போது அதைப் பாதியாக்கிவிட்டார்கள். தீர்வை ஏறியபோது பாக்கெட் எண்ணெய்க்கும் செக்கெண்ணெய்க்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் சற்றுச் சுருங்கி, எங்களைப் போன்றவர்களிடம் புதிதாகச் சிலர் வந்தார்கள். அது இனி எதிர்ப்பக்கம் திரும்பும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கச் சுற்ற வேண்டிய பணம். ஜனவரியில் ஒரு டன் கொப்பரைக்கு 1,45,000 ரூபாய் கொடுத்தேன். இன்று அதே ஒரு டன்னுக்கு 1,90,000. அதே செக்கு, அதே எண்ணெய், அதே வாடிக்கையாளர். ஒரு லிட்டர்கூடக் கூடுதலாக விற்காமலேயே டன்னுக்கு 45,000 ரூபாய் அதிகமாக முடங்குகிறது. வங்கியில் எனக்கு ஒதுக்கிய கடன் வரம்போ பழைய விலையை வைத்துக் கணக்கிட்டது. விலை ஏறினால் வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் நினைக்கிறார்கள். கையிருப்புச் சரக்கு நிறைய வைத்திருப்பவருக்கு அது உண்மை. வாராவாரம் வாங்கி ஆட்டுபவருக்கு விற்ற காசு அடுத்த மூட்டைக்குப் போதாமல் போகிறது. எங்கள் வட்டாரத்தில் இந்த ஆண்டு செக்கை நிறுத்தியவர்கள் மனம் தளர்ந்து நிறுத்தியதாக ஊர் பேசுகிறது. எனக்குத் தெரிந்தவரை அவர்கள் யாருக்கும் மனத்தில் குறையில்லை, பணம்தான் சுற்றவில்லை.

இன்று வங்கிக்குப் போய் வரம்பை உயர்த்தக் கேட்டேன். ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ரெப்போ விகிதத்தை, அதாவது தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, குறைத்ததில் வட்டி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வரம்பைப் பற்றி, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். காத்திருக்காமல், தேங்காய் எண்ணெய் ஆட்டும் நாட்களைக் குறைத்து அந்தப் பணத்தைக் கடலையிலும் எள்ளிலும் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

2025 ஜூலை 12, சனி

கொப்பரை 200 ரூபாயைத் தாண்டி 220-க்கு வந்து நிற்கிறது. கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிவிட்டதாகச் செய்திகள் வருகின்றன. என் கணக்கு இப்படி: ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, 1.7 கிலோ கொப்பரை வேண்டும். அது 374 ரூபாய். புண்ணாக்கு விற்று 21 ரூபாய் திரும்பும். கூலி, மின்சாரம், புட்டி, வண்டி எல்லாம் சேர்த்து 45 ரூபாய். ஆக அடக்கம் 398, விற்பது 440. ஜனவரியில் 270 அடக்கமாகி 310-க்கு விற்றது. லாபம் ரூபாயில் ஏறக்குறைய அதேதான். ஆனால் வாடிக்கையாளருக்கு 130 ரூபாய் ஏறிவிட்டது, அவரிடம் போய் என் லாபம் ஏறவில்லை என்று சொல்வதில் பயனில்லை.

காலையில் வந்த பாட்டி ஒருவர், எப்போதும் இரண்டு லிட்டர் வாங்குகிறவர், விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, எண்ணெயும் தங்கமாட்ட விக்குதே" என்றார். அரை லிட்டர் வாங்கிக்கொண்டார். போகும்போது, "நீ கலப்படம் மட்டும் பண்ணிப்போடாதே அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது. விலை ஏறிய நாளிலிருந்து, பாமாயில் மரத்தின் கொட்டைப் பருப்பில் எடுக்கும் எண்ணெயைக் கலந்து விற்கும் யோசனையை என்னிடமே தயங்காமல் சொன்னவர்கள் உண்டு. அதிலும் தேங்காய் எண்ணெயிலும் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமே மிகுதி என்பதால் சாதாரணச் சோதனையில் அது எளிதில் சிக்காது. நிறம், மணம் எதிலும் பெரிய வேறுபாடு தெரியாது. லிட்டருக்கு மிச்சமாகும் தொகையை நினைத்தால் தூக்கம் கெடும். நான் செய்யாததற்கு நல்லொழுக்கம் மட்டும் காரணம் என்று பெருமை பேச மாட்டேன். கலப்பட விலைக்கு இறங்கிவிட்டால், எனக்கும் பெரிய ஆலைக்கும் இடையே விலை ஒன்றே போட்டியாகிவிடும். அந்தப் போட்டியில் இரண்டு செக்கு வைத்திருப்பவள் ஒரு மாதம்கூட நிற்க முடியாது.

அரை லிட்டரோடு 200 மில்லி புட்டியும் போடலாம் என்று எண்ணியிருக்கிறேன். சிறு புட்டி என்றால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று சொல்லி 18 சதவீத வரி கேட்பார்களோ என்ற பயம் முன்பு இருந்தது. சிறு பொதியில் அடைத்ததாலேயே தூய தேங்காய் எண்ணெய் கேசத் தைலம் ஆகிவிடாது, அது சமையல் எண்ணெயே என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தலைமுடி படத்தை அட்டையில் போடாமல் இருந்தால் போதும் என்கிறார் ஆடிட்டர்.

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. கடைக்கு விடுமுறை விட்டோம். 200 மில்லி புட்டிகள் வந்திறங்கின. வேறு எழுத ஒன்றுமில்லை, தூங்கினேன்.

2025 செப்டம்பர் 10, புதன்

கல்லூரி ஒன்றில் தொழில்முனைவோர் நாள் என்று பேச அழைத்திருந்தார்கள். எனக்கு முன் பேசியவர், ஹட்சன் பால்பொருள் நிறுவனத்தின் ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கிய கதையைச் சொன்னார். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் 13,000 ரூபாயிலிருந்து நேரே பெரிய நிறுவனத்துக்குத் தாவிவிட்டதால், நடுவில் இருக்கும் சுவையான பகுதி விட்டுப்போயிற்று. தள்ளுவண்டியில் விற்ற அவர், சென்னையில் பெரிய ஐஸ்கிரீம் நிறுவனங்களோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருக்காமல், கல்லூரி விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் கொடுத்தார். பிறகு பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத வெளியூர்களைத் தேடிப் போனார். அவர் விடாமல் பற்றியிருந்தது ஐஸ்கிரீமை. விற்கும் இடத்தையும் ஆளையும் மாற்றிக்கொண்டே இருந்தார். எதை விடக்கூடாது, எதை விட்டால் தப்பில்லை என்று பிரித்தறியாமல் இளைஞர்களிடம் விடாமுயற்சி என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது ஆபத்தானது என்று எனக்குப் படுகிறது.

என் முறை வந்தபோது ஜூலை மாத அடக்க விலைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கைதட்டல் குறைவு. ஆனால் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, புண்ணாக்கு விலை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு எழுந்த கேள்விகளில் அதுதான் கேள்வி. மாட்டுத்தீவனக் கடைகளோடு மாத ஒப்பந்தம் வைத்திருப்பதைச் சொன்னேன்.

வரும் 22-ஆம் தேதி முதல் கேசத் தைலத்துக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆகிறது. புட்டியின் அளவைப் பற்றிய பயத்துக்கு இனி வேலையே இல்லை. 200 மில்லி நன்றாகப் போகிறது; லிட்டர் வாங்குவதை நிறுத்தியவர்களில் பலர் அதற்குத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி வியாபாரக் கணக்கை இன்று முடித்தேன். எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயும், பலகாரத்துக்குக் கடலை எண்ணெயும் சென்ற ஆண்டைவிட நன்றாகப் போயின. தேங்காய் எண்ணெய் லிட்டர் அளவில் குறைந்து, ரூபாய் அளவில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. கொப்பரை பழைய விலைக்கு இறங்கவில்லை, இறங்கும் என்று நம்பி எதையும் திட்டமிடவும் இல்லை. வங்கி வரம்பை உயர்த்திவிட்டது, கேட்டதில் பாதி. கோவைக் கடைக்கு இந்தத் தீபாவளிக்குச் சரக்கு அனுப்பவில்லை. முன்பணம் தந்தால் அனுப்புவேன் என்றேன், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதத்தோடு கடன் வாங்கி மூன்றாண்டு முடிகிறது. தவணை ஒன்றும் தவறாததால் மானியத்தைக் கழித்துக்கொள்ள விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லியிருக்கிறார் வங்கி மேலாளர். கழிந்தால் மீதிக் கடன் சிறியதாகிவிடும். அந்த இடத்தில் மூன்றாவது செக்குக்குப் புதிதாகக் கடன் வாங்கலாம் என்கிறார் என் கணவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருக்கும் இரண்டு செக்குகளே வாரத்தின் எல்லா நாளும் ஓடவில்லை. மானாவாரிக் கடலை அறுவடைக்கு வந்து, சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரத்து கூடும் நேரம் இது. தவணையைக் குறைக்காமல், கடன் காலத்தை மட்டும் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, தீபாவளியில் வந்த பணத்தில் கோடை வரைக்கும் ஆட்டுவதற்கான கடலையை இப்போதே வாங்கிப்போடுகிறேன். காய வைக்கக் களம் பேசியாயிற்று. கிடங்குக்கு மரப்பலகை அடிக்க ஆசாரி செவ்வாய்க்கிழமை வருகிறார். மூட்டையைத் தரையில் அடுக்கினால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.