முகிலறையில் பொசித்திரன் தேடல்: கொழும்பில் மூன்று ஓட்டங்களின் குறிப்பு

மூன்றாவது ஓட்டத்தோடு எங்கள் முகிலறைப் பெட்டி (ஏற்றமுள்ள துணிக்கை போன வழியைத் துளிக்கோடாகக் காட்டும் பெட்டி) நிலைப்பட்டிருக்கிறது. ட்ரை ஐஸ் (உறைந்த காபனீரொட்சைட்டு) வைத்துப் பதினைந்து நிமிடத்தில் தடங்கள் தெரியத் தொடங்கி, ஒன்றரை மணித்தியாலம் வரை நிற்கின்றன. இலத்திரனின் எதிர்த்துணிக்கையான (அதே திணிவு, எதிர் ஏற்றம்) பொசித்திரனின் தடத்தை ஒரு சாதாரண அறையில் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தது அதுதான் என்று காரணத்தோடு சொல்லவும் வேண்டும் என்பதே நோக்கம். முதற்பாதி ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. பின்பாதிதான் கடினம், குறிப்பின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

பெட்டி

20 × 20 சென்ரிமீற்றர் அடியும் 15 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். மீன் தொட்டி செய்யும் கடையில் சொன்னால் வெட்டி ஒட்டித் தருவார்கள். பேர்ஸ்பெக்ஸ் வேண்டாம்: அற்ககோல் பட்டுப்பட்டு அதில் மயிர்க்கோடுகள் விழும், பிறகு வெளிச்சம் சிதறி எதுவும் தெரியாது. அடித்தட்டு 3 மில்லிமீற்றர் அலுமினியம், கறுப்பு அனோடைஸ் செய்தது. சாதாரண ஸ்பிரே பெயின்ற் அற்ககோலில் உரிந்து வந்துவிடுகிறது. தொட்டியின் மேற்பக்கத்தில் உள்ளே சுற்றிவர ஃபெல்ட் துணி. அதைப் பசையால் ஒட்டாமல் கம்பியால் கட்டவேண்டும், ஏனெனில் பசையும் கரையும்.

ஐசோபுரோப்பைல் அற்ககோல் 99 சதவீதமானது ஓட்டத்துக்கு 40 மில்லிலீற்றர். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சரிவராது, அதில் தண்ணீர் அதிகம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சேர்கிற் போர்ட் துடைக்க வைத்திருக்கும் அற்ககோலைக் கேட்டு, லேபிளில் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். ட்ரை ஐஸ் 3 கிலோ, றெஜிபோம் பெட்டிக்குள். துண்டுகளாக வைத்தால் தட்டோடு தொடுகை போதாது. துணியில் சுற்றி மரச் சுத்தியலால் பொடியாக்கி, மட்டமாகப் பரப்பி, தட்டை அழுத்தி வைத்த பிறகே வெப்பநிலை ஒழுங்காக இறங்கியது. வெளிச்சத்துக்கு வெள்ளை எல்.ஈ.டி. பட்டி, தட்டிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், பக்கவாட்டில். மேலிருந்து அடித்தால் தட்டு மின்னும், தடம் மறையும்.

வேலை செய்யும் விதம் எளியது. மேலே ஆவியாகும் அற்ககோல் கீழே இறங்கிக் குளிர்ந்து, தட்டுக்கு மேல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்ப் படையில் மிகைநிரம்பிய நிலைக்கு வருகிறது. ஏற்றமுள்ள துணிக்கை அதனூடே போனால் வழியெல்லாம் அயன்களை விட்டுச் செல்லும், அயன்களில் துளி படியும். அந்தத் துளிகளின் வரிசையே தடம்.

கொழும்புக் காற்று

முதல் ஓட்டம் கெட்டது இதனால்தான். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் அளவு நீராவி. நமது ஆறு லீற்றர்ப் பெட்டிக்குள் அது வெறும் 0.15 கிராம். முதல் சில நிமிடத்தில் தட்டில் உறைபனியாகப் படிந்து முடிந்துவிடும், அதனால் கேடில்லை. ஒழுக்கு இருந்தால்தான் வினை. ஈரக்காற்று விடாமல் உள்ளே வந்து, தட்டுக்கு மேல் பால்போல மூட்டம் நிற்கும், தடம் ஒன்றும் தெரியாது. றப்பர்ப் பட்டி குளிரில் விறைத்து இடைவெளி விட்டது. பிறகு தட்டின் விளிம்பைச் சுற்றி 5 மில்லிமீற்றர் அகலத் தவாளிப்பு வெட்டி, அதில் அற்ககோலே விட்டு, தொட்டியின் வாயை அதற்குள் இறக்கினோம். திரவமே அடைப்பாக நிற்கிறது. ஒழுக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

வெளிக்கண்ணாடியிலும் வேர்க்கும். ஏ.சி. அறையில் ஒரு மணித்தியாலம் முன்பே எல்லாவற்றையும் வைத்து, சிறிய விசிறியைப் படம் எடுக்கும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். ஆனால் யன்னல் ஒன்று திறந்தே இருக்கவேண்டும். ட்ரை ஐஸிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு தரையில் தேங்கும். அதை மூடிய காருக்குள் கொண்டுவரவோ, இறுக்கி மூடிய போத்தலில் போடவோ கூடாது.

அயன்களைத் துடைக்க உயர் வோல்ற்றளவு கொடுப்பது வழக்கம். நுளம்பு மட்டையின் சுற்றைக் கழற்றிப் பொருத்துவோர் உண்டு. நாங்கள் அதைத் தவிர்த்தோம். ஐசோபுரோப்பைலின் தீப்பற்றுநிலை 12 பாகை. கொழும்பில் அறை எப்போதும் அதற்கு மேலேதான், பெட்டியின் மேற்பகுதி ஆவியோ தீப்பிடிக்கும் செறிவுக்குள் நிற்கிறது. ஒரு பொறி போதும். துடைக்கும் புலம் இல்லாமலும் பதினைந்து நிமிடப் பொறுமையில் காட்சி தெளிகிறது.

தெரிவன

கட்டைக் குட்டையான தடிப்புக் கோடு அல்பாத் துணிக்கை (ஈலியக் கரு). பொடித்துளிகளாக வளைந்து நெளிந்து அலைவது மெதுவான இலத்திரன். மெல்லியதாக, கோடு பிடித்ததுபோல நேராகப் போவது பெரும்பாலும் மியூவன், அதாவது அண்டக்கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதுவதால் வரும், இலத்திரனைப் போன்ற ஆனால் பாரமான துணிக்கை. கடல்மட்டத்தில் கிடைத்தளம் ஒன்றின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் நிமிடத்துக்கு ஒரு மியூவன் அளவில் கடக்கிறது. நமது தட்டுக்கு அது நிமிடத்துக்கு 400. ஆனால் உணரும் படை ஒரு சென்ரிமீற்றர்தான் என்பதால் செங்குத்தாக விழுபவை புள்ளியாகத் தோன்றி மறையும். சரிந்து வருபவையே நீளமான கோடாகத் தெரியும்.

இங்கே ஒரு விடயத்தை நிறுத்திச் சொல்லவேண்டும். கடல்மட்ட மியூவன்களில் நேர் ஏற்றமுள்ளவை மறை ஏற்றமுள்ளவற்றைவிட அதிகம், விகிதம் 1.27 அளவில். நேர் மியூவன் என்பது எதிர்த்துணிக்கை. ஆகவே பெட்டியில் ஓடும் நேர்க்கோடுகளில் நூற்றுக்கு 56 எதிர்ப்பொருள்! எதிர்ப்பொருள் அரிதென்று சொல்வது துகள் அளவில் உண்மையல்ல. மேல் வளிமண்டலத்தில் அது ஓயாமல் பிறக்கிறது. நேர் மியூவன் கூடுவதற்குக் காரணமோ வானிலிருந்து வருபவை பெரும்பாலும் புரோத்தன்கள் என்பது. நேர் ஏற்றம் உள்ளே வந்தால் நேர் பையோன் (மியூவனாகச் சிதையும் துணிக்கை) கூடுதலாகப் பிறக்கும், அதிலிருந்து நேர் மியூவன். எதிர்ப்பொருளின் இந்தப் பெரும்பான்மையே, வெளியே பிரபஞ்சம் பொருளால் ஆனது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. பூமியின் காந்தப்புலத்தை வைத்தும் இதைக் கண்டார்கள். 1933 இல் அண்டக்கதிர்கள் கிழக்கிலிருந்து வருவதைவிட மேற்கிலிருந்து கூடுதலாக வருவது அளக்கப்பட்டது, முதன்மைக் கதிர்கள் நேர் ஏற்றமுள்ளவை என்று அதிலிருந்து தெரிந்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் எங்களுக்கு அந்த வேறுபாடு வலுவானது.

ஆனால் மியூவனின் ஏற்றத்தை இந்தப் பெட்டியில் பிரிக்க முடியாது. 4 ஜிகா இலத்திரன்வோல்ற் (துணிக்கைச் சக்தியின் அலகு) மியூவன் 0.16 தெஸ்லாவில் வளையும் ஆரை 80 மீற்றருக்கு மேல். அதனால்தான் மெதுவான பொசித்திரனைத் தேடுகிறோம்.

காந்தம், ஈயம், தோரியம்

50 × 50 × 10 மில்லிமீற்றர் நியோடிமியக் காந்தம் ஒன்று, N42, தட்டுக்கு நேர் கீழே, ட்ரை ஐஸ் பொடிக்குள் புதைத்தது. முகத்திலிருந்து 10 மில்லிமீற்றரில் கணக்குப்படி 0.16 தெஸ்லா. SS49E காந்தப்புல உணரி ஏறத்தாழ 1000 கோஸில் நிரம்பிவிடுவதால் அந்த இடத்தில் அளக்க முடியாது. 25 மில்லிமீற்றரில் அளந்தோம்: 5 வோல்ற்றில் ஓட்டும்போது 2.5 இலிருந்து 3.5 க்கு ஏறியது, கோஸுக்கு 1.4 மில்லிவோல்ற் என்றால் 0.07 தெஸ்லா. கணக்கோடு ஒத்துப்போகிறது. இப்படியான இரண்டு காந்தங்களை மேசையில் பக்கத்தில் வைக்காதீர்கள், விரல் நசுங்கும்.

சக்தி கூடிய காமாக் கதிர் ஈயத்தில் படும்போது இலத்திரனும் பொசித்திரனும் இணையாகப் பிறக்கலாம். அந்தக் காமாவுக்கு வெல்டிங் கம்பி. டிக் வெல்டிங்குக்குரிய சிவப்பு முனைத் தங்குதன் கம்பியில் 2 சதவீதம் தோரியம் (கதிர்வீசும் உலோகம்) ஒட்சைட்டு உண்டு. 2.4 மில்லிமீற்றர் விட்டமும் 15 சென்ரிமீற்றர் நீளமுமான ஒன்று 13 கிராம், தோரியம் 0.23 கிராம், செயற்பாடு ஏறத்தாழ 930 பெக்கரல் (வினாடிக்கு அத்தனை சிதைவு). பத்துக் கம்பியைக் கட்டிக் கண்ணாடிக்கு வெளியே வைத்திருக்கிறோம். தோரியத் தொடரின் கடைசிப் பகுதியில் வரும் தல்லியம்-208 இலிருந்து 2.614 மெகா இலத்திரன்வோல்ற் (இனிச் சுருக்கமாக மெகா) காமா வருகிறது. இலத்திரன்–பொசித்திரன் இணை பிறக்க 1.022 போதும். கம்பி பழையதாக இருப்பது நல்லது: தோரியத்தைப் பிரித்தெடுத்த முதல் சில ஆண்டுகளில் தல்லியம் பாதிக்கும் கீழே இறங்கி, பிறகு பல ஆண்டுகளில்தான் மீளும். கம்பியைத் தீட்டவோ அராவவோ கூடாது. தூசு மூச்சில் போவதே ஆபத்து.

தோரியத்துக்கும் இந்தத் தீவுக்கும் பழைய தொடர்பு உண்டு. தோரியம் நிறைந்த தோரியனைற் கனிமத்தை 1904 இல் இங்கே கண்டவர், கொழும்பில் பிறந்து பிற்காலத்தில் கலை வரலாற்றுக்காகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அதே தல்லியத்தின் காமாவை (அப்போது தோரியம் சி இரட்டைக்கோடு என்று பெயர்) வைத்துத்தான் 1930 இல் கலிபோர்னியாவில் சீனப் பௌதிகவியலாளர் சாவோ சுங்யாவோ, ஈயம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கதிரை விழுங்கி, அரை மெகா அளவில் வேறொரு கதிரை வெளிவிடுவதைக் கண்டார். அது பொசித்திரன் அழியும் கதிர். அதைப் பொசித்திரன் என்று அப்போது யாரும் அறியவில்லை.

ஈயம் பெட்டிக்குள் 4 × 2 சென்ரிமீற்றர், அரை மில்லிமீற்றர்த் தகடு. தூண்டில் ஈயக்குண்டைத் தட்டி எடுத்தது. வேலை முடிந்ததும் கை கழுவவேண்டும். முதலில் 3 மில்லிமீற்றர் வைத்துப் பார்த்தோம், பயனில்லை. 0.8 மெகா பொசித்திரன் ஈயத்தில் அரை மில்லிமீற்றர் அளவே போகும், உள்ளே பிறந்தவை உள்ளேயே முடிகின்றன.

வாழைப்பழத்தில் பொசித்திரன் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பொற்றாசியம்-40 இன் சிதைவுகளில் ஒரு இலட்சத்துக்கு ஒன்றே பொசித்திரன் தரும். இதரையோ கதலியோ, ஒரு பழத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்ற வரிசை. அதுவும் பழத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

எந்தத் தடம் பொசித்திரன்

வட முகம் மேலே பார்த்திருந்தால், மேலிருந்து பார்க்கும்போது நேர் ஏற்றம் வலஞ்சுழியாக, மறை ஏற்றம் இடஞ்சுழியாக வளையும். முகத்தைக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான பிழை. திசைகாட்டியின் தென்முனையை இழுப்பது வடமுகம். அதோடு விடாமல், ஒரு கம்பியைச் சில நிமிடம் பெட்டிக்குள் வைத்து அதிலிருந்து வரும் பீற்றாத் தடங்களைப் பாருங்கள். அவை இலத்திரன்கள், எல்லாம் இடப்பக்கம் வளையவேண்டும்.

ஈயத்திலிருந்து கிளம்பி வலப்பக்கம் வளையும் தடம் கண்டவுடன் முடிவுகட்ட இயலாது. எதிர்த்திசையில் ஈயத்தை நோக்கி வரும் இலத்திரனும் அதே வில்லைத்தான் வரையும். 1932 ஓகஸ்ட் 2 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் கார்ல் அன்டர்சன் எடுத்த, பொசித்திரனை முதலில் காட்டிய படம் வென்றது இதைத் தீர்த்ததால். அவர் முகிலறையின் நடுவே 6 மில்லிமீற்றர் ஈயத் தகடு வைத்தார். துணிக்கை 63 மெகாவோடு நுழைந்து 23 மெகாவோடு வெளியேறியது. வெளியேறிய பக்கம் வளைவு கூடியது, திசை தெரிந்தது, ஏற்றம் தெரிந்தது. நம் சக்திக்கு அந்த வழி இல்லை, தகட்டைத் தாண்டாது. எங்களுக்கு உள்ளது இணைத் தடம்: ஒரே புள்ளியிலிருந்து இரு கிளை, எதிரெதிர் வளைவு.

அதற்கு மூன்று சோதனை வைத்தோம். இரண்டு கிளையும் ஒரே தடிப்பாக இருக்கவேண்டும், ஏனெனில் தடம் வயதாக அகலும். தடிப்பு வேறானால் அவை வேறு நேரத்தவை. இரண்டின் இயக்கசக்திக் கூட்டுத்தொகை 1.59 மெகாவைத் தாண்டக்கூடாது. வளைவு ஈயத்துக்கு அருகே தளர்வாகவும் தூரத்தில் இறுக்கமாகவும் இருக்கவேண்டும், துணிக்கை வேகம் குறைந்துகொண்டு போவதால். உந்தம் (மெகாவில்) 300 × புலம் × ஆரை (மீற்றரில்). அதிலிருந்து கணித்த இயக்கசக்தி: 2.5 சென்ரிமீற்றர் ஆரைக்கு 0.8 மெகா, 1.8 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ அரை மெகா.

கைப்பேசியில் வினாடிக்கு 60 சட்டகம், குவியத்தைப் பூட்டி வைத்து, இரண்டாம் மூன்றாம் ஓட்டங்களின் பதிவைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்தோம். வலப்பக்கம் வளைந்தவை ஏழு. தடிப்பில் மூன்று விழுந்தன. வளிமூலக்கூறுகளில் மோதிச் சிதறி நெளிந்த இரண்டையும் விட்டோம். இப்படி மெதுவான இலத்திரன் நெளிந்து பொய் வளைவு காட்டுவதே இந்த முறையின் பெரிய பலவீனம். மிஞ்சிய இரண்டில் ஒன்றே இணைத் தடம்: 2.5 உம் 1.8 உம், கூட்டுத்தொகை 1.3 மெகா. அதை நாங்கள் பொசித்திரன் என்று எழுதிவைத்திருக்கிறோம். மற்றது சந்தேகப் பட்டியலில்.

ஏன் இவ்வளவு தேடல், துகள்கள் இப்படிப் பிறக்கின்றனவே என்றால், பிறப்பது எப்போதும் இணையாக என்பதுதான் புதிர். காமா எத்தனை இலத்திரன் தந்ததோ அத்தனை பொசித்திரன். தொடக்கத்திலும் இப்படித்தான் என்றால் எல்லாம் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கவேண்டும். மிஞ்சிய பொருள் நூறு கோடியில் ஒன்று என்ற அளவான மிகுதி. எங்கோ எதிர்ப்பொருள் விண்மீன் திரள்கள் தனியே இருந்தால் எல்லைகளில் அழிவுக் காமா ஒளிரவேண்டும், அது காணப்படவில்லை. மிகுதி வரத் தேவையான மூன்று நிபந்தனைகளை 1967 இல் சோவியத் பௌதிகவியலாளர் சகாரொவ் எழுதினார். அவற்றில் ஒன்றான சமச்சீர் மீறலை (பொருளும் எதிர்ப்பொருளும் சற்று வேறாக நடப்பதை) 1964 இலேயே குரோனினும் ஃபிட்சும் கேயோன்கள் என்ற குறுகிய ஆயுள் துணிக்கைகளில் கண்டிருந்தார்கள். ஆனால் இதுவரை அளந்த மீறல் அந்த மிகுதிக்குப் போதாது.

அடுத்த ஓட்டம்

ஈயத் தகட்டோடு 2 சென்ரிமீற்றர் ஈயக் கட்டி ஒன்றும் வைக்கப்போகிறோம். அதில் நின்றுபோகும் மறை மியூவனை ஈயக் கரு பெரும்பாலும் விழுங்கிவிடும். நேர் மியூவனைக் கரு விலக்கும், அது 2.2 மைக்ரோவினாடிச் சராசரியில் சிதைந்து பொசித்திரன் தரும். ஆகவே நின்ற மியூவனிலிருந்து வெளிவரும் தடம் ஏறத்தாழ எப்போதும் பொசித்திரன்தான், வளைவைப் பார்க்கவே தேவையில்லை. அரிதாகவே அகப்படும் என்பதால் கதிரை உணரும் இரண்டு கைகர் குழாயை மேலும் கீழும் வைத்து, மேலது அடித்துக் கீழது அடிக்காத நேரங்களை மட்டும் பதிவில் குறிக்கும் சுற்று தயாராகிறது. ட்ரை ஐஸ் 5 கிலோ, தட்டு அதேதான்.