காரைக்குடியில் வளைத்த ரேடார் வளைவு

கழனிவாசல் பக்கம் இருக்கும் என் பட்டறையில் 18 வருடமாக கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி இவைதான் வேலை. செட்டிநாட்டு வீடுகளுக்குச் செய்து பழகிய கைக்குக் கனம் என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிடும். பர்மா தேக்குத் தூணும் ஆள் உயரத்துக்கு மேல் நிலைக்கதவும் உள்ள வீட்டுக்காரர், கேட்டைக் கையால் உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பாக்கிப் பணத்தை எடுப்பார். அதனால் எங்கே சந்தேகம் வந்தாலும் ஒரு சுற்றுக் கனமான பைப்பைப் போட்டுவிடுவேன். தொண்டியிலிருந்து வந்த ஒரு படகு வேலை அந்தப் பழக்கத்தை மாற்றியது.

கடலடி ஆழம் அளக்கும் ஒரு தனியார் குழுவின் படகு அது. 26 அடி நீளம், ஏழரை அடி அகலம், ஃபைபர் உடம்பு, பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார். விடியுமுன் கிளம்பினால், விசைப்படகுகள் கரை திரும்பும் நேரத்தில் அவற்றின் குறுக்கே போக வேண்டியிருக்கும். வாடை மழையில் அரை கிலோமீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரேடார் வாங்கிவிட்டார்கள். அதைத் தாங்க, படகின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வளைவு வேண்டும். ரேடாரின் வட்டப்பெட்டி, பேசும் வி.எச்.எஃப். ரேடியோவின் ஏரியல், ஜி.பி.எஸ்., வெள்ளை விளக்கு எல்லாம் அதன்மேல்தான் உட்காரும்.

நான் முதலில் போட்ட கணக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப், 2 இஞ்ச், 2 மில்லிமீட்டர் கனம். மொத்தம் 12 மீட்டர் பைப் தேவை. எடை 29 கிலோ வந்தது. வீட்டு கேட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தப் படகை ஓட்டும் பாய், தொண்டிக்காரர், தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வீட்டு வாசல் இல்ல. மேல ஒரு கிலோ வச்சா கீழ படகு அதைச் சுமந்துகிட்டே ஆடும்" என்றார். அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவர் சொன்னது முழுதாக உறைத்தது. தரையில் நிற்கும் பொருளுக்குக் கனம் பலம். ஆடும் பொருளின் உச்சியில் அதே கனம், ஒவ்வொரு அலைக்கும் படகைச் சாய்ந்த பக்கமே இன்னும் இழுக்கும்.

மறுபடி கணக்குப் போட்டேன். ஒன்றரை இஞ்ச், ஒன்றரை மில்லிமீட்டர் பைப் என்றால் 12 மீட்டருக்குப் பதினாறரை கிலோ. மெல்லிய பைப் வளையாதா என்ற பயத்துக்கு விடை, பைப்பின் கனத்தில் இல்லை, இரண்டு பைப்புகளுக்கு நடுவில் விடும் இடைவெளியில் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு கால்களை ஒரு முழம் அகட்டி நிறுத்தி, நடுவில் குறுக்குக் கம்பி கொடுத்ததும் அசைவே இல்லை. அலுமினியத்தில் செய்தால் இன்னும் எடை குறையும். ஆனால் அதை நன்றாக வெல்டு செய்யும் கை எங்கள் பக்கம் குறைவு. அலுமினியத்தில் எஸ்.எஸ். போல்ட்டு நேராகப் பட்டால், உப்புத் தண்ணீரில் அலுமினியம்தான் அரித்துப் போகும், நடுவில் நைலான் வாஷர் வைத்தாக வேண்டும். அதனால் எஸ்.எஸ்.தான் என்று முடிவு செய்தோம்.

உயரத்தைப் பற்றியும் குழுவில் ஒரு பேச்சு நடந்தது. இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால் நிறையத் தூரம் தெரியுமே என்றார் ஒருவர். தண்ணீரிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்குக் கடலின் விளிம்பு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். 4 மீட்டருக்கு ஏற்றினால் 8. ஒரு கிலோமீட்டர் கூடுவதற்காக அவ்வளவு எடையையும் இன்னும் மேலே தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிற்கும் ஆளின் தலைக்கு மேலே கதிர் போனால் போதும் என்று 3 மீட்டரில் நிறுத்தினோம்.

எஸ்.எஸ். என்றால் எல்லாம் ஒன்றல்ல. கேட்டுக்கு 304 என்ற ரகம் போடுவோம், காரைக்குடிக் காற்றில் அது பளபளவென்றே இருக்கும். கடலுக்கு 316 வேண்டும். எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் துருவைப் பற்றியே ஆயுள் முழுக்கப் படித்தவர்கள் உண்டு. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பு குத்திக் குழி போடுவதைத் தடுப்பது அதுதான் என்று அவர் விளக்கினார். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பைப்பை வளைப்பதற்கு முன் பாதி இஞ்ச் பி.வி.சி. பைப்பில் ஒரு மாதிரி கட்டி, தொண்டிக்கு எடுத்துப்போய்ப் படகில் நிறுத்தினோம். இந்த வேலையில் நான் செய்த நல்ல காரியம் இதுதான். பாய் ஓட்டும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு, இடது கால் சரியாக வள்ளங்கள் குறுக்கே வரும் பக்கத்தை மறைக்கிறது என்றார். வளைவைப் பின்னால் ஒரு முழம் தள்ளினோம். அப்படித் தள்ளியதும், மோட்டாரைத் தூக்கி நிறுத்தினால் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டி வந்தது. நல்லவேளை நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது. வெள்ளை விளக்கு எல்லாத் திசைக்கும் தெரிய வேண்டும், அதனால் அதற்கு மட்டும் ரேடார் பெட்டிக்கு மேலே உயரும்படி ஒரு சின்னக் குச்சி வைத்தோம்.

பொருத்தும் நாளில்தான் உண்மையான சோதனை. தளம் மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பிளைவுட். வலது பக்கக் காலுக்குத் துளை போட்டபோது டிரில்லில் கறுப்பாக, ஈரமாக மரத்தூள் வந்தது. பழைய திருகாணி ஓட்டை ஒன்றின் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே எவ்வளவு நன்றாக வெல்டு செய்திருந்தாலும் அந்த மரத்தில் போல்ட்டு நிற்காது. ஒரு சாண் அகலத்துக்கு மேல் தோலை வெட்டி, உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, புதிய பிளைவுட்டையும், கலந்ததும் கல்லாக இறுகும் எபாக்சிப் பசையையும் வைத்து அடைத்தோம். மற்ற இடங்களில் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவில் போல்ட்டு அளவுக்கு மறுபடி துளை போட்டோம். இப்படிச் செய்தால் தண்ணீர் உள்ளே போனாலும் மரத்தைத் தொடாது. அடியில் 6 மில்லிமீட்டர் தகடு, மேலே பாலியூரிதேன் சீலண்ட். வளைவைத் தூக்கி நிறுத்த அரை மணி நேரம்தான் ஆனது. கால்களுக்கு நாலு நாள்.

மூன்றாவது வாரம் பாய் போன் செய்தார். "தம்பி, துரு வருது."

போய்ப் பார்த்தேன். இடது காலில் வெல்டுக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள். பைப் வாங்கிய இடத்தில் ஏமாற்றிவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். மாலிப்டினம் சோதிக்கும் துளிமருந்து வாங்கி விட்டுப் பார்த்தால் நிறம் மாறியது, 316-தான். தவறு என் பட்டறையில் நடந்திருக்கிறது. இரும்பு கேட்டைத் தேய்த்த அதே டிஸ்க்கால் இந்த வெல்டையும் தேய்த்திருக்கிறோம். பொடிப்பொடியாக இரும்புத் துகள் எஸ்.எஸ். மேல் பதிந்து, உப்புக் காற்றில் அதுதான் துருப்பிடித்தது. வீட்டு கேட்டிலும் இதே தவறை எத்தனை முறை செய்திருப்பேனோ, உள்ளூரில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பாயிடம் மறைக்காமல் சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு, துருவைத் தின்னும் அமிலப் பசையான பிக்ளிங் பேஸ்ட் தடவி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினேன். புள்ளிகள் போயின. இந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது பட்டறையில் எஸ்.எஸ்.-க்கு என்று பச்சை பெயின்ட் அடித்த தனிப் பெட்டி இருக்கிறது. அதில் உள்ள டிஸ்க்கும் பிரஷ்ஷும் இரும்பின் பக்கம் போகாது. புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே அந்தப் பெட்டியைக் காட்டிவிடுவேன். ஐப்பசி பிறக்குமுன் தொண்டிக்குப் போய், தளத்துக்கு அடியில் கையை விட்டு அந்த வலது கால் போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வர வேண்டும்.