சருகை அனுப்பிவிட்டு மெஷின் வாங்கிய கதை

நாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் அபார்ட்மென்டில் வீட்டுக்கு ஒரு பாக்கெட் "உரம்" கொடுத்தோம். காபித்தூள் மாதிரி பழுப்பாக, உலர்ந்து, பார்க்க அழகாகவே இருந்தது. எல்லோரும் துளசிக்கும் ரோஜாவுக்கும் போட்டார்கள். ரெண்டு நாள் கழித்து ஒரு மழை பெய்தது பாருங்கள், பால்கனிக்குப் பால்கனி ஊசிப்போன சாம்பார் வாடை. வாட்ஸ்அப் குரூப்பில் அன்று நான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சம் இல்லை, ஏனென்றால் அப்போது சங்கத்துப் பொருளாளர் நான்தான், அந்த உரத்தைத் தயாரித்த மெஷினுக்குச் செக் எழுதியதும் நான்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் குடியிருப்பு, 120 வீடு. குப்பையை உள்ளேயே மக்க வைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது "மாநகராட்சி வரி வாங்குது, குப்பையை நாம பாக்கணுமா?" என்றுதான் முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் புதிது இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது: 5,000 சதுர மீட்டருக்கு மேல் இடமுள்ள வளாகங்கள் குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும், மிச்சத்தைத்தான் வண்டிக்குக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, அந்த வெயிலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். எரிந்ததில் எங்கள் வீட்டுக் குப்பையும் இருந்திருக்கும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். "24 மணி நேரத்தில் உரம்" என்றார்கள், நம்பினோம். அது செய்வது என்னவென்றால், குப்பையை அரைத்து, சூடேற்றி, ஈரத்தை விரட்டும், அவ்வளவுதான். காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானே, அதனால் 70 கிலோ போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ தூள் வரும், நமக்கும் பெரிய சாதனை செய்த மாதிரி இருக்கும். மக்குவது என்பது நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் தின்று செரிக்கிற வேலை. கருவாட்டில் எப்படி மீன் மீனாகவே இருக்கிறதோ அப்படித்தான் இந்தத் தூளும், தண்ணீர் பட்டால் விட்ட இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். மேலே கரண்ட் பில் வேறு. அந்தத் தூளைத் திரும்பவும் மக்க வைத்தால் நல்ல உரமாகும் என்பது உண்மை, ஆனால் அப்படியென்றால் மெஷின் எதற்கு?

வழி சொன்னது சங்கத்தில் யாரும் இல்லை, எங்கள் வளாகத்தைப் பெருக்குகிற அக்கா. விழுப்புரம் பக்கத்து ஊர். மெஷினுக்குள் ஈரம் இழுக்கக் கொட்டுவதற்காக நாங்கள் தென்னைநார்த் தூள் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தோம். அதே சமயம் தூங்குமூஞ்சி மரமும் புங்கையும் கொட்டுகிற சருகை அள்ளிக்கொண்டு போக மாதம் ஒரு லாரிக்காரருக்குக் காசு. "சருக வெளிய அனுப்பிட்டு நார வெலைக்கு வாங்குறீங்களே சார், எங்கப்பா எருக்குழியில இதத்தான போடுவாரு" என்றார். கணக்கு நோட்டில் ரெண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பின்பக்கச் சுவரோரம் எட்டு கம்பிவலைத் தொட்டி, ஒவ்வொன்றும் நாலடிக்கு நாலடி. ரொம்பச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு தங்காது. ஒரு வாளி ஈரக்குப்பைக்கு ரெண்டு வாளி சருகு, அதன்மேல் பழைய உரம் ரெண்டு கை, ஆரம்பத்தில் அது இல்லாதபோது சாணிக் கரைசலும் புளித்த மோரும் தெளித்தோம். மூணாம் நாள் நடுவில் கை விட்டால் சுடும், 55, 60 டிகிரி வரை போகும். வாரம் ஒருமுறை கிளறி விட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை, அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றுப் போகவில்லை. அக்காவுக்கு இதெல்லாம் மூக்காலேயே தெரியும், நான்தான் தெர்மாமீட்டர் வாங்கினேன். ரெண்டு மாதத்தில் மண்வாசனை வந்துவிடுகிறது. தேங்காய் மட்டையும் மாங்கொட்டையும் மட்டும் சல்லடையில் அப்படியே நிற்கும், அதைத் திரும்ப அடுத்த தொட்டியில் போட்டுவிடுவோம். இந்த வேலைக்கு அக்காவுக்குத் தனியாகச் சம்பளம், கையுறை, காலுறையோடு பூட்ஸ். லாரிக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணம் அதில் பாதியைச் சரிக்கட்டிவிட்டது.

தொட்டியைவிட வீட்டு வாசல்தான் சிரமம். ஈரக்குப்பையைக் கவரில் கட்டாமல் வாளியில் வெறுமனே கொடுங்கள் என்று சொல்லிப் பழக்க ஆறு மாதம் ஆனது. "மக்கும் பை" என்று அச்சடித்து விற்கிறார்களே, அதுவும் எங்கள் தொட்டியில் மக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாசல்தோறும் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய், அதற்குள் சில்லறைக் காசு. கருவேப்பிலைக் கட்டின் ரப்பர் பேண்ட், தையல் இலையின் ஸ்டேப்ளர் பின். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் நாப்கினை ஈரக்குப்பை வாளியில் போடுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை, அதை இன்னொரு பெண் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று குரூப்பில் பச்சையாகவே எழுதினேன். சிலருக்குக் கோபம். வாளியில் வருவது நின்றுவிட்டது.

அப்புறம் புழு. தொட்டியில் சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று நெளியும், வீடியோ எடுத்துப் போட்டு "டெங்கு வரும்" என்று ஒருவர் கிளப்பிவிட்டார். டெங்கு கொசு வளர்வது தேங்கின நல்ல தண்ணீரில், அவர் பால்கனித் தொட்டித் தட்டில் வேண்டுமானால் இருக்கலாம். இது படைவீரர் ஈ என்கிற ஈயின் புழு, கடிக்காது, குப்பையைத் தின்று தீர்த்துவிடும். பார்க்க நன்றாக இல்லை என்பது உண்மைதான், மேலே சருகு போட்டு மூடினால் கண்ணில் படாது.

இந்த வருடம் இன்னொரு கூத்து. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள், வீட்டிலேயே நாலாகப் பிரிக்க வேண்டும்: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயாப்பர் வகை, பல்பு மருந்து பெயின்ட் டப்பா மாதிரியானவை. அதில் பெரிய அளவில் குப்பை உண்டாக்குபவர் என்பதற்கு 20,000 சதுர மீட்டர் என்று இருப்பதைப் படித்துவிட்டு "நாம அவ்வளவு இல்ல, தப்பிச்சோம்" என்று ஒருவர் ஸ்வீட் வாங்காத குறை. அதே வரிசையில் நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர் அல்லது 100 கிலோ குப்பை என்றும் இருக்கிறது, மூன்றில் எது பொருந்தினாலும் போதும். எங்கள் 120 வீட்டுக்கு ரெண்டாவதே தாண்டிவிடும், டேங்கர் பில் என்னிடம் இருக்கிறது.

இப்போதைய கவலை ஐப்பசி மழை. ஒரு நாளைக்கு ஒன்றரை மூட்டை சருகு வேண்டும், ரெண்டு மாத அடைமழையைத் தாண்ட 90 மூட்டை. பங்குனியில் சேர்த்ததில் கையில் இருப்பது 60, அதுவும் ஒருவரின் கார் பார்க்கிங்கில், தினமும் சண்டை. பக்கத்து அபார்ட்மென்டில் சருகை வாரி லாரிக்குத்தானே ஏற்றுகிறார்கள், எங்களுக்குக் கொடுங்களேன் என்று கேட்கப் போனேன். அங்கே பொருளாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூட்டைக்கு எவ்ளோ தருவீங்க?" என்றார்.