30 நாளும் 4.0: தடய அறிவியல் ஆய்வகப் பொறுப்புக்கு வந்தபின் நான் படித்த கதை

பதினாறு வருடம் விஷப் பிரிவில் கேஸ் பார்த்தவள் நான். விசரா (இறந்தவரின் உள்ளுறுப்பு மாதிரி) பாட்டிலைத் திறந்ததும் வரும் வாடையிலேயே பூச்சிமருந்தா இல்லையா என்று பாதி ஊகித்துவிடுவேன். (ஊகத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது, அது வேறு.) பதவி உயர்வில் பிரிவுப் பொறுப்பு கைக்கு வந்த மூன்றாம் மாதம், ஐஎஸ்ஓ 17025 (சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) உள்தணிக்கையாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் வகுப்பு, கடைசி நாள் மதியம் தேர்வு. 70 எடுத்தால் தேர்ச்சி. எனக்கு 58. பக்கத்து பெஞ்சில் இருந்த, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த சின்னப் பையன் 91.

வெட்கமாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பும் ரயிலில் கேள்வித்தாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் விடைத்தாளை ஒழுங்காகப் பார்த்தேன். நான் அதிகம் விட்ட கேள்வி இது: சோதனைக்கு வந்த மாதிரிகளை வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டில் மாதம் முழுக்க 4.0 என்றே எழுதியிருக்கிறது, ஒரே கையெழுத்து, ஒரே பேனா. என்ன மீறல், எந்தப் பிரிவு, என்ன திருத்த நடவடிக்கை?

நான் எழுதியது: “பிரிவு 6.3.3. சூழல் நிலைமை பதிவு செய்யப்படவில்லை. ஊழியருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்.” பத்துக்கு இரண்டு. பயிற்சியாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்: “பதிவுதான் இருக்கிறதே?”

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் விசரா ஃபிரிட்ஜின் கதவில் கிளிப் போட்டுத் தொங்கும் ஷீட்டைப் பார்த்தேன். 4.0, 4.0, 4.0. தேதி 19. ஆனால் 22 வரை நிரப்பியிருந்தது.

ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டேன். என்னைவிட வயதில் மூத்தவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. சத்தம் போடாமல் கேட்டேன்: “என்ன அண்ணே, இன்னும் வராத தேதிக்கெல்லாம் டெம்பரேச்சர் எழுதியிருக்கீங்க?”

அவர் மறைக்கவே இல்லை. “தெர்மாமீட்டர் தீபாவளிக்கு முன்னாடியே உடைஞ்சிருச்சு மேடம். எழுதிக் கொடுத்தேன், வாங்கல. ஷீட் காலியா இருந்தா ஆடிட்ல கேப்பாங்கன்னு போன மேடம்தான் எதையாச்சும் போட்டு வைக்கச் சொன்னாங்க.”

இவருக்கு என்ன பயிற்சி கொடுப்பது? தெர்மாமீட்டரைப் பார்க்க அவருக்குத் தெரியும். அவர் கேட்ட பொருள் வரவில்லை. காலி ஷீட்டுக்குத் திட்டு விழும், பொய் ஷீட்டுக்கு விழாது என்பதை மட்டும் நாங்களே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது. சோதனைக்கு வந்த பொருளைச் சேமிக்கும் இடம் என்பதால் முதலில் 7.4.4: நிபந்தனையோடு வைக்க வேண்டிய பொருளின் சூழலைப் பேணி, கண்காணித்து, பதிய வேண்டும். அடுத்து 7.5.1: கண்டதைக் கண்ட நேரத்திலேயே எழுத வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதது 6.4. கொள்முதல் கோரிக்கை மாதக்கணக்கில் யார் மேசையில் தூங்கியது என்று தேடிப்போவதுதான் 8.7, அதாவது திருத்த நடவடிக்கை. “பயிற்சி அளிக்கப்பட்டது” என்று எழுதி ஃபைலை மூடுவது நம் நாட்டு ஆய்வகங்களின் நிரந்தர வியாதி என்பது என் கருத்து. தேர்விலும் அதற்கு மார்க் கிடையாது.

எனவே இப்போது பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு முதலில் சொல்வது: தரநிலையை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள். சொந்த ஆய்வகத்தில் ஒரு அலமாரியைத் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தரநிலையில் எந்த வரி என்று தேடுங்கள். தராசின் லாக் புக், காலாவதியான மெத்தனால் பாட்டில், அடித்துத் திருத்திய வொர்க்‌ஷீட், சீல் மாதிரி இல்லாமல் வந்த பார்சலை வாங்கிக்கொண்ட ரசீது. ஒரு வாரம் இப்படிச் செய்தால் 6-ஆம், 7-ஆம் அத்தியாயங்கள் தானாகவே மனதில் நின்றுவிடும். 8-ஆம் அத்தியாயத்தை மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும், வேறு வழியில்லை.

படிக்க என்ன கிடைக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்ஸி. தடய அறிவியலில் குரோமட்டோகிராபி சொல்லித்தருவார்கள், நிலுவை கேஸ்களை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மதராஸில் அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இலேயே வந்துவிட்டது. இத்தனை காலமாகியும் நிர்வாகத்தை அடி வாங்கித்தான் கற்றுக்கொள்கிறோம். ஆனால் உலகத்தில் மற்ற ஆய்வகங்கள் அடி வாங்கி எழுதிவைத்ததில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது.

17025 தரநிலையின் பிரதி மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆய்வகக் கணக்கில் வாங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய ஸ்கேனை வைத்துப் படித்தால் அது 2005 பதிப்பாக இருக்கும் ஆபத்து உண்டு. அதில் அத்தியாய அமைப்பே வேறு. என்னோடு படித்த ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

மற்றவற்றில் நான் வரிசையாகச் சொல்வது சிலதான். ஆய்வக அங்கீகார அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐலாக்கின் ஜி19, 2022 பதிப்பு: 17025-இன் பொதுவான வரிகள் குற்ற இடத்திலும் தடயப் பொருளிலும் எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் சிறிய ஆவணம். இதைத் தேர்வுக்கு முந்தைய வாரம் இரண்டு முறை படித்தேன். அளவீட்டு நிச்சயமின்மை (அளந்த எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்கு, ஐரோப்பிய வேதியியல் பகுப்பாய்வு அமைப்பான யூராகெமின் வழிகாட்டிகள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு சொல்லும் பிரிவில் இருப்பவர் இதைத் தவிர்க்கவே முடியாது. போதைப்பொருள் பிரிவுக்கு வியன்னாவில் உள்ள ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகத்தின் பரிசோதனைக் கையேடுகள். ஐரோப்பிய ஆய்வகங்களின் கூட்டமைப்பான என்ஃப்சியின் சிறந்த நடைமுறைக் கையேடுகள், அமெரிக்காவின் ஓசாக் பதிவேடு (தடய அறிவியல் தரநிலைகளின் பட்டியல்) இரண்டிலும் உங்கள் பிரிவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டால் படித்த திருப்தி வந்துவிடும். நானே அப்படி ஒரு மாதத்தை வீணடித்தேன்.

கட்டாயம் படிக்கச் சொல்வது ஒரு விசாரணை அறிக்கை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஹின்டன் போதைப்பொருள் ஆய்வகத்தில் ஆனி டூக்கான் என்ற வேதியியலாளர் பல மாதிரிகளைச் சோதிக்காமலே முடிவு எழுதினார். 2012-இல் கைதானார், அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2017-இல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி ஆயின. அந்த மாநிலத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை யாரும் இறக்கிப் படிக்கும்படி இருக்கிறது. அந்தப் பெண் செய்த தப்பைவிட, அவருக்கு மேலே இருந்தவர்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு உறைத்தது. சக ஊழியர்களைவிடப் பல மடங்கு கேஸ் முடித்தார். அதைச் சந்தேகமாகப் பார்க்காமல் உழைப்பாகவே பார்த்தார்கள். நம் மாதக் கூட்டத்தில் “இந்த மாசம் யாரு அதிகம் டிஸ்போஸ் பண்ணது?” என்று கேட்டு, முதலில் வந்தவருக்குக் கைதட்டுவோமே, அந்தப் பழக்கத்தை நான் விட்டது இந்த அறிக்கையைப் படித்தபின். என் ஃபிரிட்ஜின் 4.0-வும் அந்த வகைதான், அளவு மட்டும் சின்னது.

அடுத்தது எண்கள். நிர்வாகக் கேள்விகளில் பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு பிரிவுக்கு மாதம் 120 கேஸ் வருகிறது, 110 முடிகிறது என்றால் வருட முடிவில் நிலுவை 120 கூடியிருக்கும். அதாவது ஒரு முழு மாத வேலை. 360 நிலுவை இருந்து, மாதம் 120 முடிக்கும் பிரிவில் இன்று வரும் பார்சல் சுமார் மூன்று மாதம் காத்திருக்கும். இந்த எளிய வகுத்தலை மேலதிகாரியிடம் காட்டினால் “ஆள் போதவில்லை” என்று புலம்புவதைவிட வேகமாக வேலை நடக்கிறது.

ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? எங்கள் பிரிவு ரிப்போர்ட்டுக்கு 20 நாள்தான் ஆகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கேஸ் ஆய்வாளர் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிய கணக்கு அது. கவுண்டரில் கான்ஸ்டபிள் பார்சலைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன், 70-ஐத் தாண்டியது. இரண்டும் பொய்யில்லை, ஆனால் நீதிமன்றத்தில் காத்திருப்பவருக்கு இரண்டாவதுதான் கணக்கு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் நடத்தும் ஃபோர்சைட் திட்டத்தின் ஆண்டறிக்கைகளை இதற்காகப் பாருங்கள். பல ஆய்வகங்கள் தாமாக முன்வந்து செலவு, ஆள், கேஸ் எண்ணிக்கையைத் தருகின்றன. கேஸ் என்றால் என்ன, பொருள் என்றால் என்ன, சோதனை என்றால் என்ன என்று முதலில் ஒரே வரையறைக்கு வருகிறார்கள், அப்புறம்தான் ஒப்பிடுகிறார்கள். அவர்களுடைய டாலர் கணக்கு நமக்கு உதவாது. வரையறைகள் உதவும்.

இரண்டாம் முறை தேர்வுக்கு நான் தனியாகப் படிக்கவில்லை. வேறு மாநில ஆய்வகங்களில் இருக்கும் இரண்டு தோழிகளும் நானும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு போனில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் அதை என்.சி.யாக (தரநிலை மீறல் குறிப்பாக) எழுத வேண்டும். கேஸ் நம்பர், பெயர், போட்டோ எதுவும் பகிரக் கூடாது என்று முதல் நாளே பேசிவைத்தோம். ரகசியம் காப்பது 4.2-இல் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இறந்தவர் ஒருவரின் விசரா விவரம் அரட்டைக்கான பொருள் இல்லை. காலிப் படிவங்களைத் தாராளமாகப் பரிமாறிக்கொண்டோம். எங்கள் தகுதி அங்கீகாரப் பதிவேட்டின் இன்றைய வடிவம் ஒரு தோழியின் ஆய்வகத்திலிருந்து வந்ததுதான்.

என்.சி. எழுதும்போது மூன்று வரி போதும். தரநிலை என்ன கேட்கிறது, நான் எதைப் பார்த்தேன், இரண்டுக்கும் இடைவெளி என்ன. “பதிவேடு சரியாகப் பராமரிக்கப்படவில்லை” என்று எழுதினால் பாதி மார்க் போச்சு. “ஃபிரிட்ஜ் எண் 2-இன் நவம்பர் பதிவேட்டில், 19-ஆம் தேதி பார்வையிட்டபோது, 20, 21, 22 தேதிகளுக்கும் 4.0 எனப் பதிவு இருந்தது” என்று எழுதினால் யாரும் வாதாட முடியாது. சாட்சிக் கூண்டில் நின்று பழகிய நமக்கு இது கைவந்த கலைதான், தேர்வறையில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது.

நிர்வாக மறுஆய்வுக் கூட்டத்துக்கு 8.9.2-இல் 15 விஷயங்கள் பட்டியலிட்டிருக்கிறது. இதை மனப்பாடம் செய்யவே திணறுவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஆய்வகத்தின் ஒரு செய்தியை ஒட்டிவைத்தேன். வேலையின் அளவும் வகையும் மாறுவது என்ற வரிக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3). ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் இதை அறிவிக்கலாம். வண்டி யார் தருவார்கள், இரவில் யார் போவார்கள், போனவர் மறுநாள் யாருடைய கேஸைப் பார்ப்பார்? ஒரு வரிக்குள் அரை மணி நேரக் கூட்டம் இருக்கிறது. இரண்டாம் தேர்வில் இதே வரி கேள்வியாக வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன், நேரம் போதாமல் கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டேன். இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள், ஒரு கேள்விக்கு இத்தனை நிமிடம் என்று கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தது 81. தண்ணீர்ப் பையனின் 91 இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

புதிய தெர்மாமீட்டர் ஜனவரியில் வந்தது, அளவுத்திருத்தச் சான்றிதழோடு. போன மாத ஷீட்டில் 3.6, 5.1, 4.4 என்று இருக்கிறது. 12-ஆம் தேதிக்கு எதிரே எண் இல்லை. உதவியாளர் அண்ணன் கையெழுத்தில் “கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடல, மேடத்துக்கு சொல்லிட்டேன்” என்று மட்டும் எழுதியிருந்தது.