பருத்திக் கொட்டையும் அமெரிக்காவின் பிளவும்

அவிநாசிப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையில், விதைக்கென்று ஒதுக்கிய பருத்தியை அம்மிச்சி கையால் பிரித்துக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் குறுமயிர் பஞ்சை எளிதில் விடாது; காலை முழுதும் பிய்த்தாலும் ஒரு முறம் நிறையாது. அமெரிக்க வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முறம்தான்.

1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வாழ்வு கொடுத்த பயிர் புகையிலை. 1619இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்தக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டனர். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமையே என்று 1662இல் வர்ஜீனியா சட்டம் இயற்றியது; என் வாசிப்பில் இதைவிடக் கொடிய ஒரு வரியை நான் கண்டதில்லை. மனிதர் அனைவரும் சமம் என்று 1776இல் அறிவித்த நாடு, 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்க ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது.

அதற்குள் பென்சில்வேனியா போன்ற வட மாநிலங்கள் அடிமைமுறையைப் படிப்படியாகக் கைவிடத் தொடங்கியிருந்தன. தெற்கிலோ, கடலோரத்தைத் தாண்டிய உள்நிலத்தில் விளையும் குட்டை இழைப் பருத்தியின் கொட்டையை நீக்குவதே பெரும்பாடாக இருந்தது. 1793இல் ஈலை விட்னி உருவாக்கிய பொறியில், கம்பிப் பற்கள் பதித்த உருளை பஞ்சை மட்டும் குறுகிய இடுக்கு வழியாக இழுத்துக்கொள்ள, கொட்டை இப்புறமே நின்றுவிடும். ஒரு தூரிகை உருளை பஞ்சைத் துடைத்துத் தள்ளும். கையால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு பிரித்த இடத்தில், அந்தப் பொறி 50 பவுண்டு வரை பிரித்தது.

ஆனால் காட்டில் பருத்தி எடுக்க அன்று பொறி ஏதும் இல்லை. வெடித்த காயின் காய்ந்த ஓட்டு நுனி நகக்கண்ணைக் கிழிக்கும் என்பது பருத்தி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்காக வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் பத்து லட்சம் அடிமைகள், பலர் கணவன் மனைவி பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்டு, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1790இல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் நாற்பது லட்சத்தை நெருங்கியது.

மேற்கே புதிதாகச் சேரும் நிலங்களில் அடிமைமுறை இருக்கலாமா என்பதில்தான் நாடு முட்டி மோதியது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ப்பதை முன்னிட்டு, எந்த நிலங்களில் அடிமைமுறை இருக்கலாம் என்று 1820இல் வகுத்துக்கொண்ட சமரசம் 1854இல் குலைந்தது. மாநில உரிமைக்காகவே தெற்கு நாட்டிலிருந்து பிரிந்தது என்று இன்றும் சிலர் வாதிடுகின்றனர். அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற பின், 1860 டிசம்பர் 20 அன்று விலகிய தென் கரோலினா, அடிமைமுறையின்மீது வட மாநிலங்கள் காட்டும் பகைமையையே தன் காரண அறிக்கையில் வெளிப்படையாக எழுதியிருப்பதால், அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 1861 பிப்ரவரி 1க்குள் மிசிசிப்பி, ஃபுளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, டெக்சாஸ் ஆகியவையும் விலகின. அந்த ஏழிலும் பருத்தி விளைந்தது.