அம்பாசமுத்திரத்து அடுப்பில் எல்டர்பெர்ரி: மூன்று தடவை காய்ச்சிய குறிப்பு

கசாயம், வற்றல், பானகம் என்று எதையாவது காய்ச்சிப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அடுக்களை அலமாரியில் இருக்கும் அந்த நீல அட்டை நோட்டில் தூதுவளை ரசத்துக்கு நாலு பக்கம், ஆடாதோடைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. இந்த ஐப்பசியில் புதிதாக ஏறிய பெயர் எல்டர்பெர்ரி.

தீபாவளிக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தம்பி 100 கிராம் பாக்கெட் இரண்டு கொண்டுவந்தான். காய்ந்த பழம். அங்கே இதை ஹோலுண்டர் என்பார்களாம். குளிர்காலத்தில் சளி பிடித்தால் இதன் சாற்றைச் சூடாக்கிக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். தாவரப் பெயர் சாம்புகஸ் நைக்ரா. குடை விரித்தாற்போல வெள்ளைப் பூக் கொத்து, ஆகஸ்ட் செப்டம்பரில் அதே கொத்தில் கருநீலப் பழம். தம்பி போனில் படம் காட்டினான். ஆச்சி படத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்து நாலு பழத்தை உள்ளங்கையில் உருட்டிவிட்டு, "என்னல இது, மணத்தக்காளி வத்தலா?" என்று கேட்டாள். பார்க்க அப்படித்தான் இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் சிறிது, சுருங்கிக் கருத்து, ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டு.

முதல் தடவை, அக்டோபர் 23

40 கிராம் பழத்தை ராத்திரியே ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது. பழம் உப்பி மெத்தென்று ஆகியிருந்தது. நம் கை வழக்கம் என்ன? இடித்துச் சாறு பிழிவதுதானே. அப்படியே மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி வடிகட்டிவிட்டேன். தம்ளரில் ஊற்றித் தேன் கலக்கும்போது தம்பி பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "அக்கா, பச்சையாவா பிழிஞ்ச? குடிச்சிராத, கீழ ஊத்து" என்றான். அங்கே மரத்தடியில் விளையாடும் பிள்ளைகளுக்குக்கூட, பழத்தைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்று சொல்லித்தான் வளர்ப்பார்களாம்.

ஊற்றிவிட்டேன். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் படித்தேன். எல்டர் செடியின் இலை, காம்பு, பட்டை, வேர், பழுக்காத காய், பழத்தின் விதை எல்லாவற்றிலும் சாம்புநிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. செடியை நசுக்கும்போது அதன் சொந்த என்சைம் இந்தப் பொருளோடு சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியே விடுகிறது. நன்றாகப் பழுத்த பழத்தில் இது மிகக் குறைவு, ஆனால் அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நான் மிக்சியில் விதையையும் சேர்த்து அரைத்ததுதான் பெரிய தப்பு.

1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு குழுவினர் வெளியூர் போன இடத்தில் காட்டு எல்டர்பெர்ரியை இலையும் கிளையுமாகச் சேர்த்துப் பிழிந்து, மறுநாள் அந்தச் சாற்றைக் குடித்திருக்கிறார்கள். கால் மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல். 11 பேருக்கு முடியாமல் போய், அதில் 8 பேரை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். இதைப் படித்தபிறகு வெகுநேரம் என் கை கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னை உறுத்தியது இதுதான். நம் வைத்தியத்தில் சமூலம் என்று ஒரு சொல் உண்டு. வேரிலிருந்து பூ வரைக்கும் முழுச் செடியும் மருந்து என்பது அதன் பொருள். கீழாநெல்லியைப் பிடுங்கி மண்ணைக் கழுவி முழுசாக அரைப்போம். நிலவேம்பை முழுசாகக் கொதிக்கவைப்போம். அந்தக் கை எல்டருக்குப் போனால் ஆபத்து. இதில் நமக்கு ஆனது பழுத்த பழம், அதுவும் வெந்த பழம். பூவையும் அங்கே பயன்படுத்துகிறார்கள், நான் அதைத் தொடவில்லை.

ஆச்சிக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, சொன்னதும் புரிந்துகொண்டாள். மரச்சீனியிலும் இதே சயனைடு சங்கதிதான். அதனால்தான் எங்கள் வீட்டில் கிழங்கைத் தட்டுப் போட்டு மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது. "அப்போ இதையும் தெறந்து வச்சுத்தாம் காய்ச்சணும்" என்றாள். சரியாகச் சொன்னாள். ஆனால் ஒரு வித்தியாசம். கிழங்கில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிழங்கைத் தின்கிறோம், இதில் சக்கையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம். அதனால் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இரண்டாம் தடவை, அக்டோபர் 26

இந்த முறை முதல் வேலை சுளகு. 50 கிராம் பழத்தைச் சுளகில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினேன். பாக்கெட்டில் சுத்தமான பழம் என்றுதான் போட்டிருந்தது. ஆனாலும் முடி போன்ற சிவந்த காம்புகள் பழத்தோடு பழமாக ஒட்டிக் கிடந்தன. சுளகைத் தட்டினால் பழம் உருண்டு முன்னே வந்துவிடுகிறது, காம்பு பின்னால் தங்கிவிடுகிறது. அதன்பிறகும் கண்ணுக்குத் தப்பியது நிறைய. முக்கால் மணி நேரத்தில் ஒரு சிட்டிகைக்கு மேல் காம்பும், பச்சை மாறாமல் காய்ந்த காய் ஏழெட்டும் சேர்ந்தன.

எவர்சில்வர் பாத்திரம், அரை லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம், மூடாமல், ஜன்னலைத் திறந்துவைத்து. ஒரு துண்டு சுக்கு, ரெண்டு கிராம்பு. வாசம் முதலில் ஈர மண் மாதிரி இருந்தது. போகப்போகத் திராட்சை வாசம் கூடி, கடைசியில் அடுக்களை முழுக்க நாவல்பழம் நசுங்கினாற்போல ஒரு துவர்ப்பு. பாதியாகச் சுண்டியதும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். கரண்டியால் மெதுவாக அமுக்கியதோடு சரி, முறுக்கிப் பிழியவில்லை. விதை துணியிலேயே நின்றுவிட்டது. அந்தத் துணியில் பட்ட கறை மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 100 மில்லி தேன் சேர்த்தேன். எலுமிச்சை பிழிவதற்கு முன்னால் ஒரு கரண்டி கசாயத்தைத் தனியாக எடுத்து ஒரு சொட்டு விட்டேன். கருஊதா நிறம் கண் முன்னாலேயே செக்கச்செவேலென்று மாறியது. பாத்திரம் கழுவும்போது சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் அதே கறை நீலப்பச்சையாகத் திரும்பியது. ஆந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை இது. சிவப்பு முட்டைக்கோஸிலும் சங்குப்பூவிலும் இருப்பது இதே குடும்பத்து நிறமிதான். மருமகன் அதையே பத்து தடவை செய்யச் சொல்லிப் பார்த்தான்.

ருசி நன்றாக இருந்தது. புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து, தொண்டையில் இறங்கும்போது கிராம்பு தெரிந்தது.

சளி வந்த வாரம்

நவம்பர் முதல் வாரம் அடைமழை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நாளில் மூக்கடைப்பு. 15 மில்லி அளவில் நாலு வேளை, காய்ச்சியது தீரும்வரை குடித்தோம். இந்த அளவு நானாக வைத்ததில்லை. நார்வேயில் ஃப்ளூ வந்த 60 பேரை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில் கொடுத்த அளவு. அதில் எல்டர்பெர்ரி சிரப் குடித்தவர்களுக்குச் சராசரியாக நாலு நாள் முன்னதாகவே குணம் தெரிந்தது. 2016இல் வெளியான இன்னொன்றில், ஆஸ்திரேலியாவிலிருந்து விமானப் பயணம் போன 312 பேரைப் பார்த்தார்கள். சளி பிடித்தவர் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிடித்தவர்களில் எல்டர்பெர்ரி எடுத்தவர்களுக்குக் குறைந்த நாளில் விட்டது. 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 87 ஃப்ளூ நோயாளிகளை வைத்துப் பார்த்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. இந்த ஆய்வுகளில் கொடுத்ததெல்லாம் அளந்து தயாரித்த சரக்கு, நம் அடுப்பில் சுண்டிய கசாயம் அல்ல.

எங்களுக்கு? தொண்டைக் கரகரப்புக்கு நிஜமாகவே இதமாக இருந்தது. ராத்திரி இருமல் குறைந்து தூங்கினேன். ஆனால் சளி போக ஏழு நாள் ஆனது, எப்போதும் ஆகிற அதே ஏழு நாள்தான். சூடும் தேனும் சுக்கும் செய்த வேலை எவ்வளவு, பழம் செய்த வேலை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் தடவை, நவம்பர் 9

தேனுக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. ருசியில் கருப்பட்டிதான் நின்றது, பழம் ஒளிந்துகொண்டது. நிறமும் காபி போல ஆகிவிட்டது. அதோடு, பாதியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் பாதியை வெளியே அலமாரியிலும் வைத்துப் பார்த்தேன். வெளியே இருந்தது நாலாம் நாள் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்றது, கள் வாசம். கொட்டியாயிற்று. உள்ளே இருந்ததை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டோம், அதற்குமேல் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதற்குள் சங்கதி தெருவில் பரவிவிட்டது. யாருக்குக் கொடுத்தேன் என்பதைவிட யாருக்குக் கொடுக்கவில்லை என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

மதினிக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற வகை, அதை அடக்க மாத்திரை சாப்பிடுகிறாள். எல்டர்பெர்ரி எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அடக்க ஒரு மாத்திரை, தூண்ட ஒரு கசாயம் என்று இரண்டையும் ஒரே வயிற்றுக்குள் எப்படி விடுவது? "டாக்டர்ட்ட கேக்காம தர மாட்டேன் மதினி" என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவளுக்கு. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எதிர்வீட்டுப் பெண் ஆறு மாதக் கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது பாதுகாப்பு என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அவளுக்கு வெந்நீர் ஆவியும் மிளகு ரசமும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் போட்டுலிசம் என்ற நோயைத் தந்துவிடும். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பில்லாமல் கொடுத்தேன். கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஏறும்.

காய்ச்சல் விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன். மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. காய்ச்சல் அடித்தால் இந்தப் பாட்டிலைத் திறக்காமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. பாபநாசம் மலையடிவாரத்தில் வேலியோரம் கருப்பாகக் கொத்துக்கொத்தாகப் பழுத்து நிற்கிறதே உண்ணிப்பழம், அதுதான் இது என்று மருமகன் ஒரு கை பறித்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டும் வேறு செடி, வேறு குடும்பம். உண்ணிக்காயைப் பச்சையாகத் தின்று பிள்ளைகளுக்கு விஷமாகியிருக்கிறது. எல்டர் நம் சமவெளியில் வேலியோரம் வளர்கிற செடி இல்லை. அதனால் இங்கே காட்டில் பார்த்த கருப்புப் பழம் எதையும் எல்டர்பெர்ரி என்று நினைத்துப் பறிக்க வேண்டாம். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, இரண்டு பழத்தையும் வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

மீதி 60 கிராம் இருந்தது. காம்பு பொறுக்கியபின் 57. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மேல்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். பெயர் மட்டும் எழுதினால் போதாது என்று ஆச்சி சொன்னதால், ஒட்டிய காகிதத்தில் பெரிய எழுத்தில் 'பச்சையாகத் தின்னாதே, 40 நிமிடம் திறந்து காய்ச்சு' என்று எழுதினேன். அடுத்தது மார்கழியில், தேனைக் குறைத்து இஞ்சியைக் கூட்டி.