பதினேழாவது குழு

பினாங்கின் பாயான் லெப்பாஸில் சில்லு வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வந்த காலத்தில், கோப்பு அனுமதி பற்றி வந்த புகார்களில் பெரும்பாலானவை அனுமதியை மாற்றும் ஒரு சிஎச்மாட் கட்டளையோடு தீர்ந்துவிடும். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் கதவு திறக்காத புகார்கள்தான் பாடாய்ப் படுத்தின.

புதிய புராஜெக்டுக்கு மாற்றப்பட்ட பொறியாளர் ஒருவர் வந்து, "அண்ணே, ஐடி கமாண்ட் அடிச்சா அந்தக் குரூப் என் பேர்ல வருது, ஆனா ஃபோல்டருக்குள்ள போனா பெர்மிஷன் டினைட்னு சொல்லுது" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கோப்புறையில் உரிமையாளருக்கும், அதைப் பகிரும் பயனர்களின் குழுவுக்கும் முழு அனுமதி இருந்தது. அதே குழுவுக்கு உரிய இன்னொரு கோப்புறை அவருடைய கணினியின் சொந்த வட்டில் இருந்தபோது தடையின்றித் திறந்தது. சர்வரில் உள்ள கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் வந்ததுதான் மறுத்தது.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்எஃப்எஸ், வழக்கமான ஆத்-சிஸ் முறையில், பயனர் யார் என்பதைத் தானாகச் சோதிப்பதில்லை. பயனரின் எண்ணையும் அவர் சேர்ந்துள்ள குழுக்களின் எண்களையும் கோப்பைக் கேட்கும் கிளையன்ட் கணினி எழுதி அனுப்ப, சர்வர் அதை அப்படியே நம்புகிறது. முதன்மைக் குழுவைத் தவிர 16 குழுக்களுக்குத்தான் அந்தச் செய்தியில் இடம் உண்டு. லினக்ஸ் குழுக்களை எண் வரிசையில் அடுக்குவதால், மிஞ்சினால் அறுந்துபோவது பெரிய எண் கொண்ட, அதாவது புதிதாக உருவாக்கப்பட்ட புராஜெக்டின் குழுதான். அறுந்தது பற்றி எங்கும் ஒரு எச்சரிக்கையும் வராது. பழைய புராஜெக்டுகளின் குழுக்களிலிருந்து யாரும் அந்தப் பொறியாளரை நீக்கியிருக்கவில்லை; அதனால் அவருடைய குழுக்கள் 16ஐத் தாண்டியிருந்தன.

ரூட்-ஸ்குவாஷ் என்ற தடை இருப்பதால் பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று அலுவலகத்தில் பலர் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை ஒருபோதும் வந்ததில்லை. கிளையன்டில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாக, இருப்பவரைச் சர்வர் அதிகாரமற்ற 'நோபடி' ஆக்கிவிடும், உண்மைதான். ஆனால் அதே ஆள் எஸ்யூ கட்டளை போட்டு வேறொரு பயனராக மாறிக்கொண்டால், அந்தப் பயனரின் கோப்புகளைச் சர்வர் மறுபேச்சின்றித் திறந்து கொடுக்கும். பயனரை டிக்கெட் கொண்டு உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறையை வைத்தால், அந்தப் பயனரின் டிக்கெட் இல்லாமல் இது பலிக்காது. ஆனால் இரவு முழுவதும் ஓடும் சிமுலேஷன் வேலைகளின் நடுவே டிக்கெட் காலாவதியாகிவிடும் என்ற அச்சத்தில் மேலிடம் அதைத் தள்ளிப்போட்டது.

ஆகவே சர்வரில் என்எஃப்எஸ்ஸுக்காக ஓடும் மவுண்ட்-டி சேவையில் மேனேஜ்-ஜிட்ஸ் தேர்வை இயக்கினோம். அதன்பின் கிளையன்ட் அனுப்பும் குழுப் பட்டியலைச் சர்வர் புறக்கணித்து, பயனர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பயனர்-குழு விவரங்கள் உள்ள எல்டாப் பட்டியலில் தானே தேடிக்கொள்கிறது. சர்வர் அந்த விவரத்தைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருப்பதால், குழுவில் சேர்த்த உடனே பலன் தெரியாது. "இன்னும் வரலையே" என்ற தொலைபேசி அழைப்புகள் தொடர்ந்தன. பயனர் எண்ணுக்குக் கிளையன்டையே நம்புவதும் மாறவில்லை.

குழுவில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தில், எந்தப் பழைய குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்றொரு கட்டத்தையும் சேர்த்தோம். புராஜெக்ட் மேலாளர்கள் பெரும்பாலும் அதை நிரப்பாமலே கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.